பழி ஓரிடம், பழுது ஓரிடம்

டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி ஓடத்தான் செய்கிறது, ஆனால் பிக்கப் மந்தம், மைலேஜும் இறங்கியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். திரையில் ஆக்சிஜன் சென்சாரின் பெயரோடு ஒரு கோட் வருகிறது. சென்சாரை மாற்றுகிறார்கள், சில ஆயிரம் ரூபாய் போகிறது, விளக்கு அணைகிறது. சில நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. பெங்களூரில் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் கதை அடிக்கடி காதில் விழும்.

சென்சார் கெடாத பொருள் அல்ல. கெட்டால் பெட்ரோலும் வீண், புகையும் மோசம். ஆனால் அது கெட்டுவிட்டது என்று எந்தச் சோதனைக்குப் பிறகு உறுதியாகச் சொல்லலாம் என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. என் முடிவை முன்னதாகவே வைத்துவிடுகிறேன்: கோட் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக எந்தச் சென்சாரையும் கழற்றக் கூடாது. மீட்டரை வைத்துப் பத்து நிமிடம் பார்க்காமல் எழுதப்படும் எஸ்டிமேட்டுக்கு வண்டிக்காரர் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தச் சரிவிகிதத்தை லாம்ப்டா 1 என்பார்கள். காற்று கூடினால் கலவை ‘லீன்’, பெட்ரோல் கூடினால் ‘ரிச்’. சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் கேட்டலிடிக் கன்வெர்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒருசேரச் சுத்தம் செய்ய வேண்டுமானால் கலவை அந்த ஒன்றை ஒட்டியே நிற்க வேண்டும். அதைக் காவல் காப்பது ஆக்சிஜன் சென்சார்.

உள்ளே இருப்பது விரலுறை வடிவில் ஒரு சிர்கோனியா பீங்கான். இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. ஒருபுறம் புகை, மறுபுறம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பீங்கான் ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தத் தொடங்குகிறது. புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ட் அளவுக்கும், இல்லாவிட்டால் 0.9 வோல்ட் அளவுக்கும் மின்னழுத்தம் கிடைக்கும். நடுக்கோடு 0.45. என்ஜினை நிர்வகிக்கும் கணினியான இசியு இதைப் படித்துப் பெட்ரோலைக் கூட்டும், உடனே குறைக்கும், மறுபடி கூட்டும். ஆகவே நலமான சென்சாரின் வோல்ட் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். சோதனைகள் எல்லாம் இந்த ஓட்டத்தைப் பார்ப்பதுதான்.

இதைச் சாலைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். 1976-இல் கலிஃபோர்னியாவுக்குப் போன வோல்வோ 240 வரிசைக் கார்களில் முதலில் பொருத்தினார்கள். பீங்கானைச் சூடேற்ற உள்ளே ஒரு ஹீட்டரை வைத்தது 1980களின் தொடக்கத்தில். அதே பாஷ் பெங்களூருக்கு அந்நியமில்லை. 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி (ஊர் வாயில் மைகோ) ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தது. மைகோ லேஅவுட் என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 2008-இல் கம்பெனி பாஷ் லிமிடெட் ஆனது. உற்பத்தி பிடதிக்குப் போக, ஆடுகோடி வளாகம் 2022-இல் தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. கார்களின் இசியுவுக்கு மென்பொருள் எழுதும் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இந்த ஊரில்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் எழுதும் கோட்களுக்குச் சரியான பொருள் அதே ஊரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேராமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இந்தியாவில் இந்தச் சென்சாருக்கு வழி விட்டது ஈயமில்லாத பெட்ரோல். ஈயம் பிளாட்டினத்தை மூடிக் கன்வெர்டரையும் சென்சாரையும் கொன்றுவிடும். 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்டர் கட்டாயமானது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 மாசு விதி வந்த முதல் 13 நகரங்களில் பெங்களூரும் ஒன்று. 2013 ஏப்ரலிலிருந்து, வண்டி தன் மாசுக் கருவிகளைத் தானே கண்காணிக்கும் ஓ.பி.டி. 2 கட்டாயமானது. அதன் பிறகுதான் கன்வெர்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சென்சார்கள் சின்னக் கார்களிலும் சாதாரணமாயின. 2020-இல் பி.எஸ். 6.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டர் காலத்தில் சென்னையில் டியூன் செய்த வண்டி இங்கே வந்தால் ரிச்சாக ஓடும். இப்போது அந்தத் திருத்தத்தை அழுத்த சென்சாரும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்து தாமே செய்துகொள்கின்றன. ஒன்று பிசகினால் மற்றதன் மீது பழி விழுவதற்கும் இந்தக் கூட்டு வேலையே காரணம்.

சென்சார் சாகும் வழிகளில் முதலிடம் ஹீட்டருக்கு. மெல்லிய சூடேற்றி வருடக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து ஒரு நாள் அறுந்துபோகும். அடுத்தது விஷம். கேஸ்கெட் ஒட்ட இஷ்டத்துக்குப் பூசிய சாதாரண சிலிகான், ஹெட் கேஸ்கெட் வழியாகக் கசியும் கூலன்ட், ரிங் தேய்ந்து எரியும் என்ஜின் ஆயில் எல்லாம் பீங்கான்மேல் படிகின்றன. கழற்றிய சென்சாரின் முனையைப் பார்த்தால் பாதிக் கதை தெரியும்: வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சிலிகான் அல்லது கூலன்ட், பழுப்புச் சாம்பல் என்றால் ஆயில், கரிபோல் கறுப்பு என்றால் ரிச் கலவை. காரணத்தை விட்டுவிட்டுப் புதுச் சென்சார் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

இந்த ஊருக்கே உரிய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தண்ணீர். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் குடியிருப்புகளின் தரைத்தளத்தில் கார்கள் மூழ்கி நின்றதை எல்லோரும் பார்த்தோம். சூடான பீங்கான்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழும். ஒயரை இணைக்கும் கப்ளருக்குள் சேறு போனால் பின்கள் பச்சை பூத்துப் போகும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று ஓட்டுபவருக்கு மாதங்கள் கழித்து விளக்கு எரியும். மற்றொன்று எலி. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் இரவெல்லாம் நிற்கும் வண்டியில் சென்சார் ஒயர் கடிபடுவதும், முழுச் சென்சாரையும் மாற்றச் சொல்வதும் சகஜம். பல நேரம் கடிபட்டது வண்டிப் பக்கத்து ஒயரிங். சென்சார் பத்திரமாக இருக்கும்.

இனி கோட்கள். இவற்றை மூன்று குடும்பமாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பி0135, பி0141 இரண்டும் ஹீட்டர் புகார்கள், முதலாவது முன் சென்சாருக்கு, அடுத்தது பின் சென்சாருக்கு. பி0130 முதல் பி0134 வரை முன் சென்சாரின் சிக்னல் புகார்கள்: வோல்ட் குறைவு, அதிகம், மந்தம், அசைவே இல்லை. பி0171, பி0172 என்பவை கலவை லீன், கலவை ரிச் என்று சொல்கின்றன. இந்த மூன்றாம் குடும்பத்தில் சென்சார் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். லீன் என்று புகார் கொடுத்ததே அந்தச் சென்சார்தான். இதற்குப் போய் அதை மாற்றுவது பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்ற கதை.

ஹீட்டர் புகார் என்றால் வேலை சுலபம். கப்ளரைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கு நடுவே ஓம் அளவு பார்க்க வேண்டும். வண்டிக்கு வண்டி எண் மாறும், பொதுவாகச் சில ஓமிலிருந்து பதினைந்து ஓம் வரை. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்தது உறுதி. அளவு சரியாக இருந்தால், சாவி போட்டு எதிர்ப்பக்கக் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, ஒயரிங். ஒரு ஃப்யூஸுக்காகச் சென்சார் மாறுவது நடக்கிற காரியம்.

சிக்னல் புகாருக்கு என்ஜின் நன்றாகச் சூடேற வேண்டும். 2000 முதல் 2500 ஆர்.பி.எம்-இல் நிறுத்தி டிஜிட்டல் மீட்டரில் பார்க்க வேண்டும். பழைய முள் மீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ கூடாது, அவை இழுக்கும் மின்சாரமே சிக்னலைக் கெடுக்கும். வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே பத்து நொடிக்குள் பல தடவை தாண்டினால் சென்சார் நலம். 0.45 பக்கத்தில் அசையாமல் நின்றால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது சென்சார் சூடாகவே இல்லை. மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொண்டு நின்றால்தான் யோசிக்க வேண்டும்: சென்சார் செத்துவிட்டதா, அல்லது கலவை நிஜமாகவே அப்படி இருக்கிறதா?

இதைத் தீர்க்கும் சோதனையை வில்சன் கார்டன் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் கண்ணெதிரே பார்த்தேன். ஓசூர்க்காரர் ஒருவர் நடத்துவது. பழைய வேகன்ஆர் ஒன்று. வேறு கடையில் சென்சாருக்கு எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு வந்திருந்தார் வண்டிக்காரர். வோல்ட் 0.1-லேயே கிடந்தது. மெக்கானிக் கார்பரேட்டர் கிளீனர் டப்பாவை எடுத்து, ஏர் ஃபில்டர் வாயில் ஒரே ஒரு பீச்சு. எண் சட்டென்று 0.88-க்கு ஏறி, சில நொடியில் மறுபடி விழுந்தது. “சென்சார் நல்லாத்தான் பேசுது சார். வேற எங்கயோ காத்து போகுது,” என்றார். வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் ஓரத்தில், மூன்றாவது சிலிண்டருக்கு நேரே, மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு. அங்கே ஒரு நட் தளர்ந்து, கேஸ்கெட் ஊதியிருந்தது. புகை வெளியேறும் துடிப்புகளுக்கு நடுவே அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, சென்சாருக்குப் பொய்யான ஆக்சிஜனைக் காட்டிக்கொண்டிருந்தது. கேஸ்கெட்டும் நட்டும் மாற்றியதும் வோல்ட் ஓடத் தொடங்கியது.

எதிர்ப்பக்கச் சோதனை, வோல்ட் மேலேயே நிற்கும்போது ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றுவது. காற்று கூடி வோல்ட் இறங்கினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. இரண்டு பக்கமும் அசையாத சென்சாரை மட்டுமே செத்தது என்று எழுதலாம். அசைகிறது, ஆனால் சோம்பலாக அசைகிறது என்றால் வயதாகிவிட்டது, மாற்றுவது நியாயம். ஒரு எச்சரிக்கை: ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் ஒரு நொடிக்கு மிகச் சில அளவுகளையே எடுக்கும். போன் திரையில் மந்தமாகத் தெரிவது அந்தக் கருவியின் மந்தமாகவும் இருக்கலாம்.

அதே மலிவுக் கருவி ஃப்யூயல் டிரிம் பார்க்கப் போதும். இசியு எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதைச் சதவீதத்தில் காட்டும் எண் இது. லாங் டேர்ம் டிரிம் பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இருபதைத் தாண்டும்போது பி0171 எரியும். எண் எப்போது கூடுகிறது என்பதில்தான் விடை. ஐடிலில் அதிகம், ரேஸ் கொடுத்தால் குறைவு என்றால் காற்றுக் கசிவு. லோடு ஏற ஏற அதிகம் என்றால் பெட்ரோல் பம்ப், அடைத்த ஃபில்டர், அழுக்கான இன்ஜெக்டர். இங்கே ஒரு திருத்தம் தேவை. அமெரிக்க வீடியோக்கள் சொல்லும் பாடம் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் வண்டிகளுக்கானது. நம் மாருதி, ஹூண்டாய் சின்னக் கார்கள் பெரும்பாலும் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பவை. அவற்றில் கசிந்து வரும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுவதால், லீன் கோட்டுக்குப் பதில் ஐடில் ஆர்.பி.எம் உயர்ந்து நிற்பதே முதல் அறிகுறி. மிஸ்ஃபயர் இன்னொரு பொறி. ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழாவிட்டால் பெட்ரோலோடு ஆக்சிஜனும் எரியாமல் வெளியேறும். சென்சார் ஆக்சிஜனை மட்டுமே பார்க்கும், லீன் என்று சொல்லும், இசியு இன்னும் பெட்ரோலை ஊற்றும். பிளக், காயில் பார்க்காமல் சென்சாருக்குப் போவது கன்வெர்டரைச் சுட்டுத் தீர்க்கும் வழி.

பெட்ரோலில் எத்தனால் கலந்த பிறகு இந்தக் கணக்கில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் பெட்ரோலைப் பிரதமர் அறிமுகம் செய்ததே பெங்களூரில், 2023 பிப்ரவரி 6 அன்று நடந்த இந்திய எரிசக்தி வார விழாவில். 2030-க்கு வைத்திருந்த இலக்கை 2025-க்கு முன்னே கொண்டுவந்தார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், ஒரு கிலோவுக்கு ஒன்பது கிலோ காற்றே போதும். 20 சதவீதக் கலவைக்கு அந்த 14.7 சுமார் 13.5 ஆகிறது. பழைய பெட்ரோலுக்கு டியூன் ஆன வண்டி எட்டு சதவீதம் போலவும், பத்து சதவீதக் கலவைக்குப் பழகிய வண்டி நான்கு சதவீதம் போலவும் பெட்ரோலைக் கூட்டியாக வேண்டும். கசிவோ பம்ப் பலவீனமோ ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு சதவீதத்தைத் தின்றிருந்தால், இந்தக் கூடுதல் சேர்ந்து வரம்பைத் தாண்ட வைக்கும். நேற்றுவரை எரியாத விளக்கு இன்று எரிகிறது, சென்சார் மட்டும் எந்தப் பிழையும் செய்யவில்லை. பழைய வண்டிக்கு இனி டிரிம் எண்ணைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே வலுவான காரணம்.

பரந்த அளவை அளக்கும் ஏர்-ஃப்யூயல் சென்சார் உள்ள வண்டிகளுக்கு மேலே சொன்ன வோல்ட் சோதனை பொருந்தாது. அவை மின்னோட்டத்தால் பேசுபவை, ஸ்கேனரில் லாம்ப்டா எண்ணையே பார்க்க வேண்டும். பின் சென்சாரும் வேறு சாதி. கன்வெர்டர் நன்றாக வேலை செய்தால் அதன் வோல்ட் 0.6, 0.7 பக்கம் அமைதியாக நிற்க வேண்டும். முன் சென்சார்போல ஆடத் தொடங்கினால் பி0420 வரும், அப்போது சந்தேகம் கன்வெர்டர்மேல். சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் வைத்து விளக்கை அணைப்பவர்கள் இருக்கிறார்கள். இது ஊர் மூச்சில் நஞ்சைக் கலக்கும் காரியம். செய்யச் சொல்பவரும் செய்பவரும் சரிசமமாகப் பொறுப்பு.

காலக் கணக்கில் மாற்ற வேண்டுமா என்பதில் இரு தரப்பு உண்டு. ஹீட்டர் இல்லாத பழைய வகைக்கு 50,000 முதல் 80,000 கிலோமீட்டர், ஹீட்டர் உள்ளதற்கு 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கெட்ட சென்சாரைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரை கூடலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொல்கிறது. அது மோசமான கோளாறுக்கான உச்ச அளவு, எல்லா வண்டிக்கும் கிடைக்காது. என் சாய்வு, லட்சம் தாண்டிய வண்டியில் ஆண்டுக்கு ஒரு தடவை சிக்னல் பார்த்துவிட்டு முடிவு செய்வது. பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவுவதையும் சொல்வார்கள். கரி போகலாம், சிலிகானும் ஈயமும் போகாது.

மாற்றத்தான் வேண்டும் என்றால் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோடுதான். வண்டியின் மாடல், ஆண்டு, பழைய சென்சாரில் அச்சிட்ட எண் மூன்றையும் கொண்டுபோக வேண்டும். கப்ளர் அப்படியே பொருந்தும் பாஷ், டென்சோ, என்.டி.கே. சென்சாரை வாங்குவது நல்லது. ஒயரை வெட்டி இணைக்கும் யுனிவர்சல் வகையைத் தவிர்க்கச் சொல்வேன். பல சென்சார்கள் ஒப்பீட்டுக் காற்றை ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உறிஞ்சுகின்றன. சால்டரிங் ஈயமும் கப்ளரில் அப்பிய கிரீஸும் அந்த மூச்சை அடைத்துவிடும். சிவாஜிநகர் குஜிரிக் கடைகளின் பழைய சென்சார் எந்த விலைக்கும் வேண்டாம். அது எதைச் சுவாசித்து வாழ்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

கழற்றும் முன் என்ஜினைச் சில நிமிடம் ஓட்டி இளஞ்சூடாக்கி, பிறகு சாவியை எடுத்துவிட வேண்டும். துரு இளக்கும் ஆயிலைத் திருகில் விட்டு ஊறவிட வேண்டும். 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், அல்லது ஒயர் நுழைய வெட்டு விட்ட சென்சார் சாக்கெட். கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் அவசரமே கூடாது. திருகோடு மேனிஃபோல்டு மரையும் வந்துவிடும். புதியதன் முனையைக் கை தொடக் கூடாது, கீழே விழுந்ததைப் பொருத்தவும் கூடாது. ஆன்ட்டி சீஸ் பசை மரையில் மட்டும். பல சென்சார்களில் கம்பெனியே பூசி அனுப்பும். முதல் சுற்றுகளைக் கையாலேயே முறுக்கி, 40 முதல் 50 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும். ஒயர் முறுக்கிக்கொள்ளாமல், சூடான குழாயைத் தொடாமல் பழைய கிளிப்பிலேயே போக வேண்டும். கடைசியில் கோட்டை அழித்து, இசியு கற்றுவைத்திருந்த பழைய டிரிமையும் ரீசெட் செய்யச் சொல்ல வேண்டும்.

வேலை சரியா என்று பார்க்க அதிகச் செலவில்லாத வழி எமிஷன் சோதனைச் சீட்டு. பி.எஸ். 4 முதலான பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், 2500 ஆர்.பி.எம் பக்கத்தில் 0.2 சதவீதம் என்பது வரம்பு. அந்த வேகத்தில் லாம்ப்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே இருக்க வேண்டும். சான்றிதழ் கிடைத்ததும் மடித்து வைத்துவிடாமல் அந்த ஒரு எண்ணைப் படிக்க வேண்டும். சென்சார் புதிது, டிரிம் சரி, ஆனால் சீட்டில் 1.05 என்றால் சைலன்சர் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது. 0.95 என்றால் வண்டியை மறுபடி அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், சீட்டையும் காட்டி, டிரிம் எண்ணிலிருந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.